ஐந்து மச்சம் நீர்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பைய மேல தட்டுல வெச்சிடுங்க, இந்த வண்டியில அது ஒண்ணுதான் உருப்படியா இருக்கு. நான் சன்னலோரமே இருந்துக்கறேன். நீங்க செங்கல்பட்டா? நான் சென்னை வரைக்கும் போறேன். வேலை எங்க? பத்திரிகை கித்திரிகை ஒண்ணும் இல்லயே? வங்கியா? ரொம்ப நல்லது. வங்கிக்காரங்க விசயத்த வெளிய விடமாட்டீங்க.

முன்னாடி இருக்கையில பாருங்க, நீலத் துப்பட்டா, செவிப்பொறி மாட்டிக்கிட்டு. என்ன முழிக்கறீங்க? இயர்போன், இயர்போன். அது என் பொண்ணு. தண்மதின்னு பேரு. கூட்டாளிங்க தனு, தனுன்னு கூப்பிடறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவ பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்கு. ஆனா பைய எடுத்து அங்க வெச்சிட்டா. உக்காராதீங்கன்னு வாயால சொல்லல, வெச்சிட்டா. நாப்பது நாளா என்கிட்ட நேரா பேசறதில்ல. எது கேக்கணும்னாலும் அவங்க அம்மா வழியா. "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு"ன்னு எனக்குக் கேக்கற மாதிரியே சொல்லுவா, அவங்க அம்மா வந்து எனக்கு இன்னொரு தடவ சொல்லுவாங்க. என் வீட்டுல எனக்கே மொழிபெயர்ப்பு நடக்குது தம்பி.

எல்லாம் ஒரு சொல்லால வந்தது. ஒரே ஒரு சொல்.

நான் தமிழாசிரியர். செஞ்சிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில முப்பத்தொரு வருசம். வாயில பிறமொழிச் சொல் வராம பார்த்துக்கறது எனக்கு ஒரு பிடிவாதம். கோவமோ கவலையோ வந்தா மட்டும் இங்கிலீஷ் வந்துடும், அது வேற. என் வீட்டுக்காரங்க பேரு சுலோசனா. கல்யாணமான மறுவாரமே நற்கண்ணின்னு மாத்திட்டேன். அவங்க இன்னிக்கு வரைக்கும் நற்கண்ணின்னு கூப்பிட்டா திரும்பறதில்ல, அது அவங்க காது. வீட்டுல மிக்சி கெடையாது, அரைப்பான். பிரிட்ஜ் கெடையாது, குளிர்ப்பெட்டி. கடைக்குப் போனாலும் அப்படித்தான். "வழலைக்கட்டி ஒண்ணு குடுங்க"ன்னு கேப்பேன். கடைக்காரன் என்னைப் பார்ப்பான், தராசப் பார்ப்பான். கீழேர்ந்து இந்தப் பொண்ணு, அப்ப ஆறு வயசு, என் விரலப் புடிச்சிக்கிட்டு, "அண்ணே, சோப்பு"ன்னும். நான் கண்டிப்பேன். அது கேக்காது. அடுத்தது நான் "மாச்சில்"னுவேன், அது "பிஸ்கட்"னும். கடைத்தெரு பூரா இப்படியே போவோம் ரெண்டு பேரும்.

சரி, விசயத்துக்கு வரேன். குரல கொஞ்சம் தாழ்த்திக்கறேன். வீட்டுப் பொருள்களுக்கான தமிழ்ச் சொற்கள்னு நாப்பத்தெட்டுப் பக்கத்துல சின்னதா ஒரு நூல் போட்டிருந்தேன். அது எப்படியோ யார் கைக்கோ போய், போன ஏப்ரல்ல ஒரு அழைப்பு வந்துச்சு. கல்லூரி நுழைவுத் தேர்வு இருக்குல்ல, மருத்துவப் படிப்புக்கு எழுதறது, அதோட வினாத்தாளத் தமிழாக்கம் பண்ணணும். பரம ரகசியம். எந்த ஊரு, எந்தக் கட்டடம்னு நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது. கைப்பேசிய வாங்கி வெச்சிக்குவாங்க, தேர்வு முடியற வரைக்கும் வெளிய விடமாட்டாங்க. வீட்டுல மதுரைக்கு விடைத்தாள் திருத்தப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்.

உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு படிவம் குடுத்தாங்க. முழுக்க இங்கிலீஷ். நான் இங்கிலீஷ் படிவத்த வாசிக்கறதில்ல தம்பி, அது கொள்கை. தமிழ்ல தரட்டும், வாசிக்கறேன். ஆனா கையெழுத்து மட்டும் தமிழ்ல அழுத்தமாப் போடுவேன். போட்டேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. என் ரத்த சொந்தம் யாரும் இந்த வருசம் இந்தத் தேர்வ எழுதலன்னு உறுதிமொழி.

இப்ப கேளுங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி தண்மதி பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு காகிதம் கொண்டாந்தா. பெற்றோர் கையெழுத்து வேணும்னா. அதுவும் இங்கிலீஷ். வாசிக்கல. போட்டேன். அது என்னன்னா, என் மகள் இந்தத் தேர்வ எழுத எனக்குச் சம்மதம்னு.

சிரிங்க, சிரிங்க. நானா இருந்தாலும் சிரிப்பேன். அவ தமிழ் இலக்கியம் படிப்பான்னு நான் மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அவகிட்ட கேக்கல. கேக்கணும்னு தோணல. அவ ரெண்டு வருசமா ராத்திரி பகலா டாக்டருக்குப் படிச்சிருக்கா, நான் அத பரிமேலழகர் உரைன்னு நினைச்சிக்கிட்டு இருந்திருக்கேன். இந்த ரெண்டு காகிதமும் எப்பவாச்சும் ஒரே மேசைக்கு வந்துச்சுன்னா அவ தேர்வு செல்லாது. அவ்வளவுதான். இத மனசுல வெச்சிக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

உள்ள எனக்கு வேதியியலக் குடுத்தாங்க. எனக்கும் வேதியியலுக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போட அறுந்துபோச்சு. சொன்னேன். "பரவால்லங்க ஐயா, பாட நிபுணர் சரிபார்ப்பாரு"ன்னாங்க. நிபுணர் வந்தாரு. ஐதராபாத்காரர். அவருக்குத் தெரிஞ்ச தமிழ் வணக்கம் ஒண்ணுதான். என் தாள வாங்கி, எண்ணெல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து, "வணக்கம்"னு சொல்லிக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, அந்த ஒரு கேள்வி வர வரைக்கும். அஞ்சு 'மோல்' தண்ணியில எத்தனை மூலக்கூறுன்னு கேட்டிருந்தான். மோல்! என்கிட்ட அகராதி மூணு இருந்துச்சு. முதல் பொருள் அகழெலி, மண்ணத் தோண்டற எலி. ரெண்டாவது, துறைமுகத்துல அலை அடிக்காம இருக்கக் கட்டற சுவரு. மூணாவது மச்சம், உடம்புல இருக்குமே. ஒரு அகராதியில நாலாவதா 'மோல், வேதியியல் அளவு'ன்னும் போட்டிருந்தான். நான் பொய் சொல்லமாட்டேன், பார்த்தேன். பார்த்துட்டுத்தான் தள்ளினேன். தமிழாய்யா அது? மேல்ங்கற சொல்லுக்குப் பக்கத்துல ஒரு கால் கூடுதலா விழுந்த அச்சுப்பிழை மாதிரி இருக்கு.

ரெண்டு நாள் யோசிச்சேன் தம்பி. சும்மா எழுதல. ஐந்து அகழெலி நீர்? எலி எப்படி நீராகும். ஐந்து அலைச்சுவர் நீர்? கொஞ்சம் பொருந்துது, ஆனா மூலக்கூறு எண்ணி முடியாது. மச்சம்? மச்சம்னா மீன்னும் ஒரு பொருள் இருக்கு. மீனுக்கும் நீருக்கும் பொருத்தம். சரி, மச்சம். அதுலயும் பாருங்க, மச்சத்துக்கு நல்ல தமிழ்ச் சொல் மறு. 'ஐந்து மறு நீர்'னுதான் போட்டிருக்கணும். பசங்க பாவம், கஷ்டப்படுமேன்னு எளிமைப்படுத்தி மச்சம்னு போட்டேன். 'ஐந்து மச்சம் நீரில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை யாது?' படிச்சுப் பாருங்க, என்ன ஓட்டம்.

தேர்வு முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசல்ல மூணு ஜோடி செருப்பு. உள்ள கூடத்துல என் பொண்ணு, பெனாசிர், ஜெகதீஸ்வரன். பெனாசிர் எதிர் வீடு, ஆங்கில வழி. ஜெகதீஸ்வரன் ஒன்பதாவதுல என்கிட்ட தமிழ் படிச்ச பையன், எல்லாரும் ஜெகான்னுவாங்க. அவனும் என் பொண்ணும் தமிழ் வழி. இந்தத் தேர்வுல தமிழ்ல எழுதறவங்களுக்குத் தனித் தாளு, தமிழ் மட்டும்தான் இருக்கும். ஜெகா என்னைப் பார்த்ததும் எழுந்தான். "ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. ஐந்து மச்சம் நீர்னா என்னங்கய்யா?"ன்னான்.

நான் பெட்டியக் கீழ வெச்சேன். "எதுல வந்துச்சு?"ன்னேன். "இன்னிக்கு எங்க தேர்வுல"ன்னான். "எங்கன்னா, யாரு யாருக்கு?"ன்னேன். "எனக்கும் தனுவுக்கும்"னான். நான் கீழ உக்காந்துட்டேன். பயணக் களைப்புன்னு நற்கண்ணி மோர் கொண்டாந்தாங்க.

அன்னிலேர்ந்து முடிவு வரைக்கும் இருபத்தாறு நாள். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூணு பேரும் வந்து எங்க கூடத்துல உக்காந்துடுவாங்க. எழுதி முடிச்ச தேர்வ இருபத்தாறு நாள் எழுதின கூட்டம் இதுதான். ஒவ்வொருத்தன் தாள்லயும் கேள்வி வரிசை வேற வேற. அது தெரியும், ஆனா பேச ஆரம்பிச்சா மறந்துபோயிடும். ஒரு நாள் முப்பத்தேழாவது கேள்விக்கு ஜெகாவும் பெனாசிரும் அரை மணி நேரம் சண்டை. அவன் தவளையோட இதயத்தப் பத்திப் பேசறான், அவ மின்மாற்றியப் பத்திப் பேசறா. கடைசியில ரெண்டு பேரும் மூணாவது விடைதான் குறிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சதும் சமாதானம் ஆயிட்டாங்க.

ஆனா எங்க சுத்தினாலும் கடைசியில மச்சத்துக்கு வந்துடுவாங்க. சரியா எழுதினா நாலு மதிப்பெண், தப்பா எழுதினா ஒண்ணு போயிடும். ஜெகா சொல்றான், "நான் நல்லா யோசிச்சேன்டி. மச்சம் தோலுக்கு மேல இருக்கு, அதுல தண்ணி இருக்காது. அதனால 'இவற்றில் எதுவுமில்லை' போட்டேன்." பெனாசிர் தலையில அடிச்சிக்கறா. "டேய், இங்கிலீஷ்ல ஃபைவ் மோல்ஸ்டா! அஞ்ச அவகாட்ரோ எண்ணால பெருக்கணும். எல்கேஜி கணக்குடா!" "எங்களுக்கு மோல்னு எங்கடி இருந்துச்சு? மச்சம்னு இருந்துச்சு!"

கைப்பேசியில வேற கதை கதையா வருது. ஆரணியில ஒரு பொண்ணு எழுந்து மச்சம்னா என்னன்னு கேட்டுச்சாம், மேற்பார்வைக்கு வந்த டீச்சர் தன் கழுத்துல இருந்தத காட்டி, "இதாம்மா"ன்னாங்களாம். ஒரு பையன் கையில மச்சத்த எண்ணியிருக்கான், நாலுதான் இருந்துச்சாம், அஞ்சாவதுக்கு முதுகுல பார்க்கச் சொல்லிப் பின்னாடி இருந்தவன்கிட்ட கேட்டதுல ரெண்டு பேரையும் எச்சரிச்சிருக்காங்க. ஜெகாவோட அம்மா அந்தக் கேள்விய ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போய் ஜோசியர்கிட்ட காட்டினாங்க. அவரு படிச்சுப் பார்த்துட்டு, "அஞ்சு மச்சம் இருக்கறவனுக்கு நீர்ல கண்டம்"னு சொல்லியிருக்காரு. பையன ரெண்டு வாரம் கெணத்துப் பக்கம் விடல.

இதையெல்லாம் நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். கேட்டுக்கிட்டு மட்டும் இருக்க முடியுமா? ஒரு நாள் ஜெகா சொன்னான், "இத மொழிபெயர்த்தவன் மட்டும் கையில கெடைச்சான்... மூஞ்சி பூரா மச்சமா இருக்கும் அந்தாளுக்கு." பாருங்க தம்பி, என் தாடையில, இங்க. பாத்தீங்களா? பட்டாணி அளவு. பொறந்ததுலேர்ந்து இருக்கு. மறுநாள் காலையில அது மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டேன். சவரம் பண்றப்ப கீறிடுச்சுன்னு சொன்னேன். இருபது நாளா ஆறாத கீறல். நற்கண்ணி சர்க்கரை இருக்கான்னு ரத்தம் எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தும் பொறுக்க முடியாம ஒரு நாள் கேட்டுட்டேன். "ஏன்டா, அந்த மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு சிரமப்பட்டிருப்பாரு, அத நினைச்சீங்களா? ஒரு சொல்லுக்கு ரெண்டு நாள் யோசிச்சிருக்கலாம்." ஜெகா சொன்னான், "ரெண்டு நாள் யோசிச்சா இப்படி எழுதினான்? அப்ப நிச்சயமா மூளையில கோளாறுதாங்கய்யா." என் பொண்ணு அப்ப தலையக் குனிஞ்சிக்கிட்டுத் துப்பட்டா முனையக் கடிச்சிக்கிட்டு இருந்தா. தோள் குலுங்குது. அழறான்னு நினைச்சேன். என் கையாலயே என் புள்ள வாயில மண்ணப் போட்டுட்டேனேன்னு அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

"நீ என்னம்மா போட்ட அதுக்கு?"ன்னு தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏதோ போட்டேன்ப்பா"ன்னா. மத்த கேள்விக்கெல்லாம் கேட்டா கடகடன்னு சொல்றா. இதுக்கு மட்டும் ஏதோ போட்டேன். அப்ப தப்புன்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. போன வருசம் கடைசியா அரசுக் கல்லூரியில எடம் கெடைச்ச பொண்ணோட மதிப்பெண்ணும், இவ கணக்குப் போட்டு வெச்சிருந்த மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒரு மார்க்குல எடம் போகும், ஒரு மார்க்குல வரும். தனியார் கல்லூரியெல்லாம் நமக்கு ஆகாது. நான் அஞ்சு மார்க்க முழுங்கிட்டு உக்காந்திருக்கேன்.

இருபதாவது நாள் ஜெகா ஒரு மனு எழுதிக்கிட்டு வந்தான். தேர்வு நடத்தறவங்களுக்கு. அந்தக் கேள்விய நீக்கணும், தமிழ்ல எழுதின எல்லாருக்கும் அதுக்கான நாலு மதிப்பெண் தரணும்னு. சுத்துவட்டாரத்துல நானூறு பேரு கையெழுத்து போடத் தயாரா இருக்காங்க. ஊர் ஊரா இதே மனுவ அனுப்பப் போறாங்க. "ஐயா, நீங்கதான் பிழை திருத்தித் தரணும்"னான்.

பாத்தீங்களா என் நெலமைய? என் மேல புகார், அதுக்குச் சந்தி சரிபார்க்கறது நான். சிவப்பு மைப் பேனாவ எடுத்தேன். மனசாட்சியத் தொட்டுச் சொல்றேன், நல்லாத் திருத்திக் குடுத்தேன். 'பிழையான' அப்படின்னு மொட்டையா எழுதியிருந்தான், 'பொறுப்பற்ற, பொருந்தாத, நகைப்புக்கிடமான'ன்னு போட்டேன். செய்யற வேலையத் திருத்தமா செய்யணும்ல. கடைசி வரியில வந்து கை நின்னுடுச்சு. 'இதை மொழிபெயர்த்தவரின் பெயரை உடனே வெளியிட வேண்டும்.'

பேரு வெளிய வந்தா என்ன ஆகும்? ரெண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வரும். என் பேரு போகட்டும், அவ தேர்வு போயிடும்.

"இந்த வாக்கியம் தப்பு. எழுவாய் இல்ல. யார் வெளியிட வேண்டும்?"னேன்.

ஜெகா விடல. "அது தோன்றா எழுவாய்ங்கய்யா. வாக்கியத்துல ஆள் இருப்பான், வெளிய தெரியமாட்டான். நீங்கதானே ஒன்பதாவதுல நடத்தினீங்க?"

"தோன்றலல்ல? அப்ப தோன்ற வேணாம்"னு சொல்லி அந்த வரிய ரெண்டு தடவ அடிச்சேன். முப்பத்தொரு வருசத்துல நான் நடத்தின இலக்கணம் எனக்கு உதவினது அன்னிக்குத்தான். தண்மதி என்னை நிமிர்ந்து பார்த்தா. ஒரு மாதிரி பார்த்தா. எனக்கு அப்பவும் புரியல.

மனுவுல எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. இவ போடல. "எனக்கு வேணாம்ப்பா"ன்னா. "ஏன் வேணாம்?" "அந்தக் கேள்வி இருந்துட்டுப் போகட்டும்ப்பா. விடுங்க." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நாலு மார்க்குடி! ஃபோர் மார்க்ஸ்! டாக்டர் ஆகணும்னு ஆசை இருக்கா இல்லயா உனக்கு? நியாயத்தக் கேக்க என்ன வெக்கம்? பயமா?" கூட்டாளிங்க முன்னாடி கத்தறேன். அவ பேனாவ வாங்கி, மெதுவா, தமிழ்ல, என்னை மாதிரியே அழுத்தமாக் கையெழுத்து போட்டா. எனக்கு நிம்மதி. அன்னிக்கு ரெண்டு கவளம் கூடச் சாப்பிட்டேன்.

மனு ஜெயிச்சுது தம்பி. கேள்விய நீக்கிட்டாங்க. தமிழ்ல எழுதின அத்தனை பேருக்கும் நாலு மதிப்பெண். முடிவு வந்த அன்னிக்கு ஜெகா குதிச்சுக்கிட்டு வரான், கையில லட்டு. "ஐயா, மைனஸ் ஒண்ணு போய் பிளஸ் நாலு! அஞ்சு மார்க் ஏறிடுச்சுங்கய்யா! எல்லாருக்கும் ஏறிடுச்சு!" நான் பிளாஸ்திரியப் பிய்ச்சுப் போட்டேன். "ஐயா, கீறல் ஆறிடுச்சே"ன்னான். "ஆறிடுச்சுடா"ன்னேன். லட்ட வாயில போட்டுக்கிட்டு இவகிட்ட போனேன். "உனக்கும் அஞ்சு ஏறியிருக்குமே?"

"எனக்கு ஒண்ணும் ஏறலப்பா"ன்னா.

"எப்படி? எல்லாருக்கும்..."

"எனக்கு அந்த நாலு ஏற்கெனவே இருந்துச்சு. நான் சரியாத்தான் போட்டிருந்தேன்."

தமிழ்ல எழுதின ஒருத்தருக்கும் புரியாத கேள்வி. "எப்படிம்மா தெரிஞ்சுது உனக்கு?"ன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கண்ணு கலங்குது. "மோல்ங்கறத மச்சம்னு எழுத இந்தத் தமிழ்நாட்டுல ஒருத்தராலதான்ப்பா முடியும். கேள்விய படிச்சதும் உங்க குரல்லயே கேட்டுச்சு. ஹால்ல சிரிச்சிட்டேன். மதுரையில விடைத்தாள் திருத்தல நீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்பா இத எந்த இங்கிலீஷ்லேர்ந்து எடுத்திருப்பாருன்னு திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மோல். பெருக்கி எழுதிட்டேன்."

அப்ப அன்னிக்குத் தோள் குலுங்கினது அழுகை இல்ல தம்பி. சிரிப்பு.

சரியா போட்டேன்னு வெளிய சொன்னா, எப்படி தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. அதான் இருபத்தாறு நாள் வாயத் தொறக்கல. எனக்காக. கையெழுத்து போடமாட்டேன்னதும் அதுக்குத்தான், அவளுக்கு இருந்த ஒரே முன்னிலை அந்த நாலு மார்க்கு. நான் நின்னு கத்திக் கையெழுத்து வாங்கினேன்.

அன்னிக்கு அவ ஒண்ணு சொன்னா. "உங்களோட பதினெட்டு வருசம் இருந்ததுக்கு எனக்குக் கெடைச்ச நாலு மார்க்குப்பா அது. அதையும் ஊருக்கே குடுத்துட்டீங்க." அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல.

எல்லாருக்கும் ஏறினதுல இவ தரவரிசையில எங்கயோ கீழ போயிட்டா. முதல் சுற்றுக் கலந்தாய்வுல ஜெகாவுக்கு அரசுக் கல்லூரியில எடம் கெடைச்சுது. நல்ல பையன், நல்லா வரட்டும். இவளுக்குக் கெடைக்கல. ஒரு மார்க்கு. இன்னிக்கு ரெண்டாவது சுற்று. அதுக்குத்தான் போறோம். முதல் சுற்றுல எடுத்த யாராச்சும் விட்டுட்டுப் போனா உண்டு. இன்னிக்குச் சாயங்காலம் தெரிஞ்சுடும்.

ஆனா ஒண்ணு கேக்கறேன் தம்பி, நடுநிலையாச் சொல்லுங்க. அவளுக்குப் புரிஞ்சுதுல்ல? ஒருத்தருக்காவது புரிஞ்சுதுன்னா அது சரியான மொழிபெயர்ப்புதானே? அப்ப கேள்விய நீக்கினது தப்புதானே? இதுக்கு நான் தனியா ஒரு மனு... சரி, சரி. சிரிக்காதீங்க.

நீங்க சிரிக்கறீங்க. எனக்கு அடிக்கடி அந்தக் கடைத்தெருதான் ஞாபகம் வருது. வழலைக்கட்டின்னு நான் கேட்டுக்கிட்டு நிப்பேன், கீழேர்ந்து "அண்ணே, சோப்பு"ன்னு ஒரு குரல் வரும். நான்தான் அவளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்னு இத்தனை வருசம் நினைச்சேன். அவதான் என்னை ஊருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. அந்தத் தேர்வு ஹால்லயும் அதையேதான் பண்ணியிருக்கா. அது தெரியாம நான்... நாப்பது நாளா அவகிட்ட மன்னிச்சுக்கன்னு சொல்லணும்னு பார்க்கறேன். எந்தச் சொல்லப் போட்டாலும் சரியா வரமாட்டேங்குது.

என்னம்மா? என்ன? கேட்டுக்கிட்டா இருந்த? காதுல மாட்டியிருக்கியே, பாட்டு ஓடலையா? எங்கேர்ந்து கேட்ட? திண்டிவனத்துலேர்ந்தேவா?

தம்பி, பேசிட்டா. பாத்தீங்களா, திரும்பி என் மூஞ்சியப் பார்த்துப் பேசிட்டா. என்ன சொன்னான்னு கேட்டுச்சா உங்களுக்கு? "அப்பா, மெதுவாப் பேசுங்க. வண்டி பூரா எழுவாய் தோன்றிடுச்சு"ன்னா.

அந்தப் பையப் பாருங்க, எடுத்து மடியில வெச்சிக்கிட்டா. கால கொஞ்சம் ஒதுக்குங்க தம்பி, நான் முன்னாடி போறேன்.